விற்பதற்கு முன் நிலத்தின் மதிப்பை அறிவது எப்படி: பினாங்கு, செபராங் பிறை நில உரிமையாளர்களுக்கு

செபராங் பிறையில் ஒரு நிலத்தின் அளவைக் கேட்டால் மூன்று பேர் மூன்று கணக்குச் சொல்வார்கள். வீட்டுப் பெரியவர் ரெலோங் என்பார், கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், ஹெக்டேரோ சதுர மீட்டரோ இருக்கும், வாங்க வருபவர் சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்பார். ஒரு ரெலோங் என்பது 30,976 சதுர அடி. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதாவது ஒரு ரெலோங் ஏறத்தாழ 0.71 ஏக்கர்தான். என் சித்தப்பா தம் செம்பனை நிலத்தை விற்க முற்பட்டபோது, பக்கத்து நிலம் "நான்கு லட்சத்துக்குப் போனது" என்று கேள்விப்பட்டு, ரெலோங்குக்கு நான்கு லட்சம் ரிங்கிட் என்று விலை வைத்தார். பக்கத்து நிலம் ஏக்கர் கணக்கில் விற்கப்பட்டிருந்தது. அவர் கேட்ட விலை அதைவிட 40 விழுக்காடு கூடுதல் என்பது தெரியாமலே இரண்டு ஆண்டுகள் ஆள் வராமல் காத்திருந்தார். ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் ஒரே அளவைக்கு, என் பரிந்துரைப்படி சதுர அடிக்கு, மாற்றி எழுதிக்கொள்வதாகும். சதுர மீட்டரை 10.764 ஆல் பெருக்கினால் சதுர அடி கிடைக்கும். ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர்.

கிராண்டை வரி வரியாகப் படித்தல்

விலையைப் பற்றி யாரிடமும் பேசுவதற்கு முன் நில அலுவலகத்தில் ஒரு சாரியான், அதாவது நிலப் பதிவேட்டுத் தேடல், எடுத்துவிடுங்கள். செபராங் பிறையில் வடக்கு, மத்திய, தெற்கு மாவட்டங்களுக்குத் தனித்தனி மாவட்ட நில அலுவலகங்கள் உள்ளன. பினாங்குத் தீவில் வடகிழக்கு, தென்மேற்கு என இரண்டு. வீட்டு அலமாரியில் இருக்கும் கிராண்ட் 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிலையைக் காட்டக்கூடும். சாரியான் இன்றைய நிலையைக் காட்டும்.

அந்தத் தாளில் விலையைத் தீர்மானிப்பவை சில வரிகள்தாம். முதலாவது, 'கத்தகோரி பெங்குனாஆன் தானா' என்னும் நிலப் பயன்பாட்டு வகை. அது விவசாயம், கட்டடம், தொழில் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். அடுத்து 'ஷாரத் ஞாத்தா' என்னும் வெளிப்படை நிபந்தனை, அந்த வகைக்குள்ளும் என்ன செய்யலாம் என்பதைக் குறுக்கும். ரப்பர் மட்டும், நெல் மட்டும், ஒரு குடியிருப்பு வீடு மட்டும் என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். 'செக்காத்தான் கெப்பெந்திங்கான்' என்னும் வரியில், மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் நிலத்தைப் பிறர் பெயருக்கு மாற்றவோ அடகு வைக்கவோ கூடாது என்றிருந்தால், விற்பனைக்குப் பல மாதங்கள் கூடுதலாகப் பிடிக்கும். சில வாங்குவோர் அந்த ஒரு வரியைப் பார்த்தே விலகிவிடுவர். தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழங்கப்பட்ட பட்டாக்கள் பலவற்றில் பயன்பாட்டு வகை எதுவும் இராது. "வகை எழுதவில்லை, எதையும் கட்டலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அத்தகைய நிலங்களின் பயன்பாட்டை அதே சட்டத்தின் 53 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

பட்டா எண்ணின் முன்னெழுத்துகளையும் பாருங்கள். எச்.எஸ்.டி., எச்.எஸ்.எம். என்று தொடங்கினால் அது தற்காலிகப் பட்டா. இறுதி நில அளவை முடியாததால் அதிலுள்ள பரப்பளவு சற்று மாறக்கூடும், இறுதிப் பட்டா வரும்வரை அந்த நிலத்தைப் பிரிக்கவும் முடியாது. குத்தகை நிலமானால் எஞ்சிய ஆண்டுகளைக் கணக்கிடுங்கள். எஞ்சிய காலம் குறையக் குறைய வங்கிகள் கடன் தரத் தயங்கும். கடன் கிடைக்காத நிலத்துக்கு வாங்குவோர் வட்டமும் சுருங்கிவிடும். கடைசியாக, அடகோ, கவியட் என்னும் விற்பனைத் தடையோ பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். தனியார் கவியட் 6 ஆண்டுகள் வரை நீடிக்கும். எப்போதோ முன்பணம் கொடுத்துவிட்டுப் போன ஒருவர் அதைப் போட்டிருக்கலாம், உங்களுக்கு நினைவும் இராது.

பெயர் யாருடையது, பங்கு எவ்வளவு என்பதே பல தமிழ்க் குடும்பங்களில் பெரிய சிக்கல். 1950களிலும் 60களிலும் ஆங்கிலேயர்களின் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறின. தொழிலாளர்கள் வீதியில் நிற்கக்கூடாது என்பதற்காக 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் தனியாக நிலம் வாங்கிய குடும்பங்களும் உண்டு. அண்ணன் தம்பி நால்வர் பெயரில் கால் கால் பங்காக வாங்கிய நிலம், இன்று பதினைந்து பேரன் பேத்திகளின் கையில் கிடக்கிறது. இறந்தவர் பெயரில் இருக்கும் நிலத்தை விற்க முடியாது. முதலில் சொத்து நிர்வாகத்தையும் பங்கீட்டையும் முடித்தாக வேண்டும். அதன் பின்னும், பிரிக்கப்படாத கால் பங்கின் விலை முழு நிலத்தின் விலையில் கால் பங்காக இராது, அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஏனெனில் வாங்குபவர் எந்த மூலை தமக்குரியது என்று அறியாமலே உங்கள் உறவினர்களோடு கூட்டுச் சேர்கிறார். பிரித்துத் தனிப் பட்டா எடுக்கலாம் என்றாலும், விவசாய நிலத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டும் ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு, குறையக்கூடாது என்பது விதி. ஆகவே இரண்டு ஏக்கரை நால்வருக்குப் பிரிக்கும் பேச்சுக்கே இடமில்லை. பங்காளிகள் அனைவரும் சேர்ந்து ஒரே விலைக்கு விற்பதுதான் பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் கூடுதலாகக் கிடைக்கும் வழி. ஆனால் அதைப் பேசி முடிப்பது நில மதிப்பீட்டைவிடக் கடினமான வேலை.

நிலத்தில் நடந்து பார்த்தல்

தாள் சொல்வதை நிலம் உறுதிப்படுத்துகிறதா என்று பார்க்க ஒரு காலை வேளையில் நேரில் போய் எல்லைக் கற்களைத் தேடுங்கள். கல் காணாமல் போயிருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு மீண்டும் நடச் செய்வது நல்லது. பக்கத்து வீட்டு வேலி உங்கள் நிலத்துக்குள் எட்டு அடி வந்திருப்பதை வாங்குபவரின் அளவையாளர் கண்டுபிடித்தால் பேரம் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

அதைவிட முக்கியமானது வழி. செம்பனைக் குலை ஏற்றிய லோரி உங்கள் நிலத்துக்குள் நாற்பது ஆண்டுகளாகப் போய் வருகிறது என்பதால் அங்கே பாதை இருக்கிறது என்று பொருளாகாது. அந்த மண் பாதை அரசின் சாலை ஒதுக்கீடாக வரைபடத்தில் உள்ளதா, பக்கத்து உரிமையாளரின் நிலத்தின்மேல் அவருடைய தயவில் ஓடுகிறதா என்பதைப் பட்டாவோடு இணைந்த வரைபடத்தில் பார்க்க வேண்டும். தயவில் ஓடும் பாதையானால் நாளை அவர் சங்கிலி போட்டுப் பூட்டலாம். நிலச் சட்டத்தில் வழியுரிமை பெறுவதற்கு இடமுண்டு; ஆனால் அதற்குக் காலமும் செலவும் ஆகும், வாங்குபவர் அந்தச் செலவை உங்கள் விலையிலிருந்துதான் கழிப்பார். சாலையோரத்து நிலத்துக்கும் வழியில்லாத உள்நிலத்துக்கும் உள்ள விலை வேறுபாடு, மண் வளத்தாலோ மரங்களாலோ வரும் வேறுபாட்டைவிடப் பல மடங்கு பெரியதென்பது என் கணிப்பு.

மின் கம்பித் தடம் நிலத்தின் குறுக்கே போகிறதா, ஆற்றோர ஒதுக்கீடு எவ்வளவு உள்ளே வருகிறது, அடைமழைக் காலத்தில் தண்ணீர் எதுவரை நிற்கிறது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மரங்கள் இருந்தால் அவற்றின் வயதும் கணக்கில் வரும். செம்பனை நட்ட மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கி, 25 ஆண்டுகளை நெருங்கும்போது மறுநடவுக்கு வந்துவிடும். 23 வயது மரங்கள் நிற்கும் நிலத்தை வாங்குபவர் மரத்துக்கு விலை தரமாட்டார். வெட்டி அகற்றும் செலவைத்தான் நினைப்பார். நிலத்தின் ஓரத்தில் அரசமரத்தடியில் முனீஸ்வரர் கோயில் ஒன்று இருந்தால் அதை மறைக்க வேண்டாம். அதன் இடம் எவ்வளவு, யார் பராமரிக்கிறார்கள், விற்பனைக்குப் பின் அது என்னவாகும் என்பதை முன்கூட்டியே கோயிலாரோடு பேசித் தெளிவாக்கிக்கொள்வது விலைக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

மாநகர் மன்றத்தின் திட்டம்

கிராண்டில் விவசாயம் என்றிருக்கும் நிலம், உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் குடியிருப்புப் பகுதியாக வண்ணமிடப்பட்டிருக்கலாம். இரண்டும் வேறு வேறு. தீவில் பினாங்கு மாநகர் மன்றத்தின் திட்டப் பிரிவிலும், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றத்திலும் உங்கள் லோட் எண்ணை, அதாவது நிலத் துண்டின் எண்ணை, கொடுத்து இதைக் கேட்டறியலாம். குடியிருப்பு வண்ணம் இருந்தால் நிலத்தின் மதிப்பில் எதிர்கால வாய்ப்பும் கலந்திருக்கிறது. ஆனால் அதை முழுமையாகக் கட்டட நிலத்தின் விலையாகக் கேட்க முடியாது, ஏனெனில் வகை மாற்றத்துக்கு மாநிலத்துக்கு பிரிமியம் என்னும் கட்டணம் கட்ட வேண்டும், திட்ட அனுமதிக்குக் காலம் ஆகும், நில வரியும் உயரும். வடக்கு மாவட்டத்து வயல் நிலங்கள் பலவற்றில், நீர்ப்பாசனத் திட்டத்துக்குள் இருப்பதால், வகை மாற்றம் கிடைப்பதே அரிது. தீவில் பாலேக் பூலாவ், ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கத்து மேட்டு நிலங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலுள்ள நிலமும் 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் பினாங்கில் மலை நிலமாகக் கருதப்பட்டுக் கட்டுமானத்துக்குக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்படுகின்றன. டுரியான் தோப்பிலிருந்து கடல் தெரிகிறது என்பதற்காக வீட்டு மனை விலை கேட்பவர்கள் முதலில் உயரக்கோட்டு வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

வதந்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 மார்ச்சில் தீவுக்கான இரண்டாவது பாலம் திறக்கப்பட்டபின், அது பெருநிலத்தில் இறங்கும் பத்து காவான் எப்படி மாறியது என்பதை எல்லாரும் கண்டோம். அதனால் இப்போது முத்தியாரா எல்.ஆர்.டி. என்னும் இலகு ரயில் தடத்தின் பெயரைச் சொல்லியே பத்துக் கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலத்துக்கும் விலை ஏற்றப்படுகிறது. நிலையம் வருவது நடந்து போகும் தொலைவிலா என்று மட்டும் கேளுங்கள்.

விற்ற விலைகளைக் கொண்டு கணக்கிடுதல்

மதிப்பீட்டாளர்கள் காலி நிலத்துக்கும் வீட்டுக்கும் பெரும்பாலும் கையாள்வது ஒப்பீட்டு முறை. உங்கள் நிலத்தைப் போன்ற நிலங்கள் அண்மையில் உண்மையாக என்ன விலைக்குக் கைமாறின என்று பார்த்து, வேறுபாடுகளுக்கு ஏற்பக் கூட்டிக் கழிப்பதே அது. இணைய விளம்பரங்களில் காண்பது கேட்கும் விலை. அவை மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பதாலேதான் உங்கள் கண்ணில் படுகின்றன. ஜே.பி.பி.எச். என்னும் மதிப்பீட்டு, சொத்துச் சேவைத் துறையின் கீழ் இயங்கும் நாப்பிக் மையம், முத்திரை வரிக்காகப் பதிவான விற்பனைகளின் தரவை வெளியிடுகிறது. பரப்பளவு, உரிமை வகை, விலை, பரிவர்த்தனை நாள் ஆகியவற்றை அதில் பார்க்கலாம். அந்தப் பட்டியலிலிருந்து உறவினர்களுக்குள் நடந்த மாற்றங்களையும் ஏல விற்பனைகளையும் தள்ளிவிடுங்கள். ஏலம் கட்டாயத்தில் நடப்பது, சுற்றுக்குச் சுற்று அடிப்படை விலை குறைக்கப்படுவது. அது சந்தை விலையாகாது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் முறையை விளக்குவதற்காக நான் இட்டவை. உங்களிடம் சுங்கை பாக்காப் பக்கம் 3 ரெலோங், அதாவது 92,928 சதுர அடி, விவசாய வகை நிலம், சற்று உள்ளே இருக்கிறது என்று கொள்வோம். எட்டு மாதங்களுக்கு முன் சாலையோரத்து இரண்டு ஏக்கர் நிலம் சதுர அடி 12 ரிங்கிட்டுக்கு விற்றது. உங்களுடையது சாலையோரத்தில் இல்லை என்பதற்கு 20 விழுக்காடு கழித்தால் 9.60 ரிங்கிட். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உள்ளே இருந்த ஐந்து ஏக்கர் நிலம் 8 ரிங்கிட்டுக்குப் போனது. பெரிய நிலத்துக்குச் சதுர அடி விலை குறைவாகவே அமையும் என்பதால் 5 விழுக்காடும், இடைக்கால விலையேற்றத்துக்கு 5 விழுக்காடும் கூட்டினால் 8.80 ரிங்கிட். மூன்றாவதாக, ஓர் ஏக்கர் நிலம் 28 ரிங்கிட்டுக்கு விற்றிருக்கிறது. விசாரித்தால் அது கட்டட வகைக்கு மாற்றப்பட்டுவிட்ட நிலம். அதை விட்டுவிட வேண்டும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். மிஞ்சும் இரண்டையும் கொண்டு பார்த்தால் உங்கள் நிலம் ஏறத்தாழ 818,000 முதல் 892,000 ரிங்கிட் வரை மதிப்புடையது. இந்த விழுக்காடுகளை எங்கிருந்து எடுப்பது என்றால், சாலையோர நிலமும் உள்நிலமும் ஒரே காலத்தில் விற்ற ஒரு ஜோடியைத் தேடிக் கண்டுபிடித்து அதிலிருந்து எடுக்க வேண்டும். மனம் போனபடி போட்டால் கணக்கு உங்கள் ஆசையின் மறுவடிவமாகிவிடும்.

மேம்பாட்டாளர் ஒருவர் தேடி வந்தால் அவர் பின்னிருந்து கணக்கிடுவார் என்பதை நினைவில் வையுங்கள். கட்டி முடித்த வீடுகளின் மொத்த விற்பனை விலையிலிருந்து கட்டுமானச் செலவு, பிரிமியம், வட்டி, தம் இலாபம் எல்லாவற்றையும் கழித்து மிஞ்சுவதே நிலத்துக்கு அவர் தரக்கூடிய தொகை. சாலைக்கும் வடிகாலுக்கும் திறந்தவெளிக்கும் போகும் பகுதியில் அவருக்கு வீடு எழும்பாது.

தாமான் வீடும் கம்பத்து வீடும்

தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், உள்ள வரிசை வீட்டுக்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. அதே தாமானில், அதே வகை வீடு, கடந்த ஓராண்டில் என்ன விலைக்கு விற்றது என்று பார்த்தாலே பெரும்பகுதி முடிந்தது. மூலை வீட்டுக்குக் கூடுதல் நிலத்தின் விலையைச் சேர்க்கலாம். பின்கட்டை நீட்டிச் சமையலறை போட்டதற்குச் செலவழித்த பணம் முழுதும் விலையில் திரும்பாது; மன்றத்தின் அனுமதியின்றி நீட்டியிருந்தால் வங்கியின் மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்காமலும் விடலாம்.

கம்பத்து, அதாவது கிராமத்து, வீட்டின் நிலை வேறு. விவசாய நிலத்தில் கட்டிய பெரிய வீட்டைப் பார்த்து உரிமையாளர் தாமான் பங்களாவின் விலையை நினைப்பார். வாங்குபவரின் வங்கியோ அதை விவசாய நிலமாகப் பார்த்துக் கடன் விகிதத்தைக் குறைக்கும். மாறாக, நகருக்கு அருகில் பெரிய மனையில் நிற்கும் பழைய ஒற்றை மாடி வீட்டில் நிலத்தின் மதிப்பே வீட்டை விழுங்கிவிடும். அங்கே புதுச் சாயம் அடிப்பதற்குச் செலவு செய்யாதீர்கள்.

மதிப்பீட்டாளரும் கையில் மிஞ்சுவதும்

உங்கள் கணக்கு முடிந்தபின், 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்து அறிக்கை வாங்குவது பெரிய செலவல்ல. கட்டண அளவுகோலின்படி முதல் 100,000 ரிங்கிட்டுக்கு 0.25 விழுக்காடு, அதற்கு மேற்பட்ட தொகைக்கு 2,000,000 வரை 0.2 விழுக்காடு. 500,000 ரிங்கிட் நிலத்துக்கு 1,050 ரிங்கிட்டும் இதர செலவும் ஆகும். எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டார், எவற்றுக்கு எவ்வளவு கழித்தார் என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள். மன்றத்தின் மதிப்பீட்டு வரிச் சீட்டில் உள்ள ஆண்டு மதிப்பைச் சந்தை விலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வரிக்கென்று தனியாகக் கணக்கிடப்பட்டது. வாங்குபவரின் வங்கியும் தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். நீங்கள் 900,000 ரிங்கிட்டுக்கு ஒப்புக்கொண்டு அவர்கள் 800,000 என்று மதித்தால், கடன் சிறிய தொகைக்கே கிடைக்கும். மீதியைக் கையிலிருந்து போட முடியாதவர் திரும்பி வந்து விலையைக் குறைக்கச் சொல்வார், அல்லது வராமலே போய்விடுவார்.

முகவர் மூலம் விற்றால் கட்டணம் அதிகபட்சம் 3 விழுக்காடு. அவர் பதிவு அட்டை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். சொத்து ஆதாய வரி மலேசியக் குடிமக்களுக்கு வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. 2022 ஜனவரி 1 முதல், ஆறாம் ஆண்டிலிருந்து விற்பவர்களுக்கு அது இல்லை. வரி இல்லாவிட்டாலும் உரிய படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். மரபுரிமையாக வந்த நிலத்துக்கு வாங்கிய நாளாக எதை எடுப்பது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்து விற்பனையை ஓராண்டு தள்ளிப்போடுவது இலாபமாகவும் அமையலாம். நிலத்தைச் சமன்படுத்தியது, வேலியிட்டது, வடிகால் வெட்டியது போன்றவற்றுக்கு வழங்கப்பட்ட ரசீதுகள் மங்கிப்போன தாளாக இருந்தாலும் தேடி எடுத்து, நகல் போட்டு, சாரியான் தாளோடு ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள். ஆதாயத்தைக் கணக்கிடும்போது வழக்கறிஞர் முதலில் கேட்பவற்றுள் அவையும் இருக்கும்.